வாத்தியார் திட்டவில்லை

ஜனவரி 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உன் அண்ணிக்கு முழங்கால் வலி போய் இப்போது தோள் வலி. வலிக்கும் இடமாற்றம் வேண்டியிருக்கிறது போலிருக்கிறது. நீயும் வாத்தியாரும் எப்படி இருக்கிறீர்கள்? தையல் கடையில் வேலை எப்படி? இன்னமும் ஊரில் உள்ள ஜிப்புகளெல்லாம் உன்னிடம்தான் வருகின்றனவா?

உன் வீட்டுக்காரர்மேல் ஒரு புகார். எங்கள் இங்கிலீஷ்-தமிழ் அகராதியின் கடைசியில் வட்டாரப் பன்மைகளுக்கு ஒரு பின்னிணைப்பு வரப்போகிறதென்றும், அது அவரை நம்பித்தான் இருக்கிறதென்றும் உனக்குத் தெரியும். இங்கிலீஷில் விலங்குகளின் பன்மை என்றால் நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொன்னது என்ன? கடைசியில் ஒரு 'ஸ்' போடு, வேலை முடிந்தது. எலிக்கு 'மைஸ்', பெருவாத்துக்கு 'கீஸ்' என்று நாலைந்துக்கு மட்டும் விலக்கு. உங்கள் பக்கத்து வெள்ளைக்கார மாட்டுக்காரர்கள் அந்தப் பாடத்துக்கு வரவே இல்லை. பசுக்களை 'கை' என்கிறார்களாம். எருதுகளை 'ஔஸன்' என்கிறார்களாம். குளவிகளுக்கு ஒரு பன்மை போதாமல் மேலே இன்னொன்று ஒட்டி 'வாப்ஸஸ்' என்கிறார்களாம். இதையெல்லாம் மாட்டுச்சந்தைக்குப் போய்க் காதால் கேட்டு, யார் சொன்னார், என்ன வாக்கியத்தில் சொன்னார் என்று சீட்டில் எழுதி அனுப்ப வாத்தியாரை விட்டால் எனக்கு வேறு ஆள் கிடையாது.

நவம்பரிலிருந்து ஒரு சீட்டும் வரவில்லை. புத்தகம் அக்டோபரில் அச்சுக்குப் போகிறது. எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர் பெரியவர் தினமும் என் மேஜைப் பக்கம் வந்து, "என்னப்பா, உங்க மாப்பிள்ளை இருக்காரா, இல்ல மாடு முட்டிடுச்சா?" என்று கேட்கிறார்.

எலிகளுக்கு அவர் அனுப்பிய 'மீஸ்' என்ற சொல்லை நான் அடித்துவிட்டேன். ஒரே ஒரு ஆள்தான் அப்படிச் சொன்னதாக இருந்தது. அந்தக் கோபமா? கோபம் என்றால் திட்டி எழுதச் சொல். 'கை' அனுப்பியபோது சீட்டின் பின்னால் என்ன எழுதினார் தெரியுமா? "யோவ் அச்சுப்பிழை மச்சான், உமக்குத்தான் மூளை இல்லை, கையாவது இருக்கட்டும் என்று அனுப்புகிறேன்." அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அன்று முழுக்கச் சிரித்தேன். இப்போது மௌனமாக இருப்பதுதான் தாங்கவில்லை.

பதில் போடு. இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணன்


பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் நன்றாக இருக்கிறோம். அண்ணியின் தோளுக்கு வெந்நீர்ப் பை வைக்கச் சொல்.

அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை. தொண்டைக்கட்டு. டாக்டர் கொஞ்ச நாள் பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். வலது மணிக்கட்டிலும் சுளுக்கு, அதனால் எழுத முடியவில்லை. வேறொன்றும் இல்லை. சீட்டுகளை நான் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். சொல் எல்லாம் அவருடையது, கையெழுத்து மட்டும் என்னுடையது.

ஒன்று புதியது. தெள்ளுப்பூச்சிகளை ஒருவர் 'ஃப்ளென்' என்றார். பழைய காலத்துச் சொல்லாம், இப்போது யாரும் சொல்வதில்லையாம். இன்னொருவர் ஒரு குஞ்சு என்றால் 'சிக்', பல குஞ்சுகள் என்றால் 'சிக்கன்' என்றார். கடையில் வெட்டி வைத்திருக்கும் ஒரு கோழியை எப்படி அத்தனை குஞ்சுகளின் பெயரால் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்கே வருத்தமாம்.

இங்கே மழை விட்டபாடில்லை. கடையில் மழைக்கோட்டு ஜிப்புகளாகக் குவிகின்றன. பெரியவரிடம் அக்டோபருக்குள் எல்லாம் வந்துவிடும் என்று சொல்.

உன் தங்கச்சி


மார்ச் 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம்தானே? இங்கும் அப்படியே. சீட்டுகள் வந்தன. பெரியவர் 'ஃப்ளென்'னைப் பார்த்துவிட்டுத் தனக்கே கடித்த மாதிரி சொறிந்துகொண்டார். சந்தோஷமாம்.

எனக்குத்தான் சந்தோஷமில்லை. கட்டைப் பிரித்து ஒவ்வொரு சீட்டையும் திருப்பிப் பார்த்தேன். ஒன்றின் பின்னாலும் ஒரு வசவு இல்லை. மணிக்கட்டு சுளுக்கினால் எழுத முடியாது, சரி. உன்னிடம் சைகையில் சொல்லியாவது திட்டியிருக்கமாட்டாரா? உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று நான் போட்ட டீயைக் குடித்துவிட்டு, "தங்கச்சி இப்படி டீ போட மாட்டாங்கன்னு எழுதிக் கொடுங்க, அப்பதான் கட்டிக்குவேன்" என்ற மனிதர். மரியாதையாக ஒரு கட்டு அனுப்பினால் எனக்குப் பயம் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் உங்கள் வீட்டுக்கு போன் போடுகிறேன். பேச வேண்டாம். ரிசீவரில் மூச்சு விட்டாலே போதும், நான் திட்டிக்கொள்கிறேன்.

பி.கு.: 'ஃப்ளென்' சொன்னவர் யார், என்ன வாக்கியம்? அது இல்லாமல் பெரியவர் சேர்க்கமாட்டார்.

அண்ணன்


ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நீ போன் போட்டிருப்பாய். எங்கள் போன் வேலை செய்யவில்லை. மழையில் கம்பி அறுந்து கிடக்கிறது, எப்போது சரிசெய்வார்கள் என்று தெரியாது. அதனால் இனிமேல் போன் போட வேண்டாம். காசு வீண்.

'ஃப்ளென்' சொன்னவர் பன்றிகள் விற்க வருகிற தாடிக்காரர். வாக்கியம்: "இந்த நாய்மேல் இருக்கும் ஃப்ளென்னை எண்ணினால் உனக்கு வயதாகிவிடும்." மேல் பொத்தான் இல்லாத கோட்டு போட்டிருந்தார், கழுத்தில் ஊக்கு குத்தியிருந்தார்.

நீ கேட்டதையும் வாங்கிவிட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அச்சுப்பிழை மச்சான், உமக்கு அறிவே கிடையாது. வேளாவேளைக்குச் சாப்பிட்டால் கொஞ்சம் வரும். ராத்திரி கண் விழிக்க வேண்டாம்."

போதுமா? சிரித்துக்கொள்.

உன் தங்கச்சி


ஏப்ரல் 20

தங்கச்சி,

சிரிக்கவில்லை.

திட்டிவிட்டுச் சாப்பாடு போடுகிற ஆள் நம் வீட்டில் நீ ஒருத்திதான். வாத்தியார் திட்டினால் திட்டியதோடு சரி, என் ராத்தூக்கத்தைப் பற்றி அவருக்கு என்ன கவலை? ஏழு வருஷச் சீட்டுகள் அவருடையவை என்னிடம் இருக்கின்றன. எதிலாவது சொன்னவரின் பொத்தானைப் பற்றி எழுதியிருக்கிறாரா? மாட்டைப் பார்ப்பார், சொல்லைப் பிடிப்பார், ஆள் சட்டை போட்டிருந்தாரா என்றுகூட அவருக்குத் தெரியாது. பொத்தான் பார்ப்பது நீ. சந்தையில் நின்றதும் நீதான்.

உன் போனுக்கு மணி போகிறது. அறுந்த கம்பியில் மணி போகாது.

அவருக்கு என்ன ஆயிற்று? என்னிடம் சொல்லக்கூடாத அளவுக்கு என்ன?

அண்ணன்


ஜூன் 11

அன்புள்ள அண்ணனுக்கு,

இத்தனை நாள் பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. நாலு முறை எழுதி நாலு முறையும் கிழித்தேன்.

நவம்பரில் ஒரு சந்தை நாள். ஏலக் கொட்டகையில் கம்பித் தடுப்பை ஒட்டி நின்று எழுதிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்திருக்கிறார். கையில் பேனாவும் சீட்டும் இருந்ததால் கீழே விழுந்த எதையோ எடுக்கக் குனிகிறார் என்று நினைத்தார்களாம். அந்த மாடு விற்று முடிகிற வரைக்கும் ஏலம் நடந்திருக்கிறது. பிறகு ஒரு லாரிக்காரர் தூக்கிக்கொண்டு போனார். மூளையில் ரத்தக் கட்டு. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது.

இங்கிலீஷ் சுத்தமாகப் போய்விட்டது. தமிழில் ஒரே ஒரு சொல் மிச்சம். "இல்ல." பசிக்குதா என்றால் இல்ல. ஜன்னலைச் சாத்தட்டுமா என்றால் இல்ல. சாத்தாமல் விட்டால் அதற்கும் இல்ல.

வாரம் ஒரு முறை பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வருகிறாள். படம் போட்ட அட்டைகளைக் காட்டுகிறாள். ஒரு அட்டையில் ஒரு ஆடு, அடுத்த அட்டையில் நிறைய ஆடு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறாள், அண்ணா. அவரிடம் கேட்கிறாள். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு "இல்ல" என்கிறார். எனக்கு அடுப்படிக்குள் போய் அழ வேண்டியிருந்தது. ஒரு நாள் நானே பசுக்கள் படத்தைக் காட்டி 'கை' என்று சொல்லிப் பார்த்தேன். அவர் மடியில் கிடந்த வலது கையைக் குனிந்து பார்த்தார்.

சந்தைக்கு நான்தான் போகிறேன். கடைக்காரம்மா அன்றைக்கு மட்டும் விடுப்பு கொடுக்கிறாள். மாட்டுக்காரர்கள் பாவம், எனக்காகச் சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார்கள். அப்படிப் பேசினால் அவர்கள் வாயில் பள்ளிக்கூடப் பன்மைதான் வருகிறது. அவர்கள் என்னை மறந்து தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வரை தடுப்பு ஓரமாகக் காத்திருக்க வேண்டும்.

ஏன் மறைத்தாய் என்று கேட்பாய். இங்கே டாக்டருக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்துக்குத் தெரியும். அவர் நன்றாக இருந்த இடம் உன் மேஜை ஒன்றுதான். சீட்டு போய்க்கொண்டிருக்கிற வரைக்கும் அங்கேயாவது அவர் நல்லா இருக்கட்டும் என்று நினைத்தேன்.

வருகிறேன் என்று கிளம்பிவிடாதே. பள்ளிக்கூடத்து நண்பர் பார்க்க வந்தபோது இவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், நண்பர் போகும் வரைக்கும் திரும்பவில்லை. உன்னைப் பார்த்தால் அவரால் தாங்க முடியாது.

உன் தங்கச்சி


ஜூன் 27

என் அருமைத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். பெரியவர் வந்து என்னவென்று கேட்டார். கடிதத்தைக் கொடுத்தேன். அவரும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஏழு மாதம் நீ தனியாக இதைச் சுமந்திருக்கிறாய். நான் இங்கே 'மீஸ்' அடித்த கோபமா என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். என்ன அண்ணன் நான்.

வரக்கூடாது என்கிறாய். சரி, வரவில்லை. ஆனால் அவருக்கு ஒரு தாள் வைத்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படி. இரக்கப்பட்டுக்கொண்டு படிக்காதே, என் குரலில் படி. எல்லாரும் அவரிடம் குழந்தையிடம் பேசுகிற மாதிரி பேசுவார்கள். ஒருத்தனாவது பழைய மாதிரி பேசட்டும்.

அண்ணன்

(தாள்)

யோவ் வாத்தியாரே, காலமெல்லாம் ஊர்ப் பிள்ளைகளை 'வாயை மூடு' என்று சொல்லியே சம்பளம் வாங்கினீர். இப்போது எவனோ ஒருத்தன் அதை உமக்கே சொல்லிவிட்டான். என் தங்கச்சியைக் கொடுத்தபோது என்ன சொன்னார்கள்? 'மாப்பிள்ளைக்குச் சொத்து இல்லை, பேச்சு நிறைய இருக்கிறது' என்றார்கள். பேச்சை நம்பித்தானய்யா பெண் கொடுத்தோம். அதையும் காணோம் என்றால் மோசடி வழக்கு போடுவேன், ஜாக்கிரதை. பொய்ச்சாக்குச் சொல்லிப் படுத்துக்கிடக்காமல் எழுந்து என் பின்னிணைப்பை முடித்துக் கொடும். கழுதைகளுக்கு உங்கள் பக்கம் என்ன பன்மை என்று இன்னும் எழுதவில்லை. உம்மையும் என்னையும் சேர்த்து எப்படிக் கூப்பிடுவதாம்?


ஜூலை 19

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதல் முறையாக நல்ல செய்தி எழுதுகிறேன்.

படித்தேன். முதலில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'மோசடி வழக்கு' வந்ததும் என் பக்கம் திரும்பினார். கழுதை வந்ததும் சிரித்துவிட்டார்! வாயின் இடது பாதிதான் சிரித்தது, ஆனால் சத்தமாகச் சிரித்தார், இருமல் வந்துவிட்டது. பிறகு "ம... ம..." என்றார். மச்சான் என்று சொல்லப் பார்த்தார் என்று எனக்குப் பட்டது. பேச்சுப் பயிற்சிப் பெண்ணிடம் சொன்னேன். அவள், "சிரிப்பு வேற, பேச்சு வேறங்க. ரொம்ப எதிர்பார்க்காதீங்க" என்றாள். அவளுக்கு உன்னைத் தெரியாது.

வாரம் ஒன்று எழுது. இன்னும் மோசமாகத் திட்டு. அவருடைய அப்பாவைக்கூட இழு, பரவாயில்லை. நான் சந்தைக்குப் போகிறேன், அவர் திரும்பி வருகிறபோது சீட்டு பாக்கி இருக்கக்கூடாது.

உன் தங்கச்சி


செப்டம்பர் 18

அன்புள்ள தங்கச்சிக்கு,

இந்த வாரத் தாள் தனியாக இருக்கிறது. அதில் அவர் தாத்தாவரைக்கும் போயிருக்கிறேன். போன வாரம் "ம" சொன்னாரா? நீ அதைப் பற்றி எழுதவில்லை. அதற்கு முந்தைய வாரமும் எழுதவில்லை. நான் கேட்கவில்லை, எழுதுகிறபோது எழுது.

இனி எழுதுவது உனக்கு மட்டும். பின்னிணைப்பு வேண்டாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. காகித விலை ஏறிவிட்டதாம், பக்கத்தைக் குறைக்க வேண்டுமாம். செத்துப்போன பன்மைகளை யார் புரட்டிப் பார்க்கப்போகிறார்கள் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பெரியவர் எழுந்து நின்று கத்தினார். என் வாழ்க்கையில் அவர் கத்தி நான் கேட்டதில்லை. பலிக்கவில்லை. எல்லாம் அச்சுக்கோத்து, பிழை திருத்தி, வாத்தியார் பெயரோடு தயாராக இருந்தது.

அவரிடம் சொல்லாதே. நீயும் இனிச் சந்தைக்குப் போக வேண்டியதில்லை. மழையில் நிற்காதே.

அண்ணன்


நவம்பர் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் இருக்கிறேன். சந்தைக்குப் போவதை நிறுத்தவில்லை. அங்கே நிற்கிற கொஞ்ச நேரம்தான் எனக்கு மூச்சு. எழுதுவதில்லை, கேட்பதோடு சரி.

"ம" ஆகஸ்டிலேயே நின்றுவிட்டது. நீ ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தாய், எழுத மனம் வரவில்லை. அக்டோபரில் ரத்தக் கட்டு இரண்டாவது முறை வந்தது. இப்போது "இல்ல" கூட இல்லை. பேச்சுப் பயிற்சிப் பெண் அட்டைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இனி வந்து பயனில்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு நேற்று உன் தாளைப் படித்தேன். சிரிப்பாவது வருமா என்று பார்த்தேன். உன் குரலில்தான் படித்தேன், 'யோவ்' என்று சத்தமாக. அவர் உடம்பு தூக்கிப் போட்டது. நல்ல அறிகுறி என்று நினைத்து இன்னும் சத்தமாகப் படித்தேன். அவர் இடது கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

நிஜமாகவே திட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டார், அண்ணா. யாரோ ஒரு பொம்பளை வந்து, தான் என்ன தப்பு செய்தோம் என்று சொல்லாமலே திட்டுகிறாள் என்று. "திட்டலங்க, விளையாட்டுக்குங்க. உங்க மச்சான் எழுதுனதுங்க" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கை இறங்கவில்லை. நான் அந்த அறையை விட்டு வெளியே போனபிறகுதான் இறக்கினார்.

இனிமேல் திட்டி எழுதாதே. எழுதுவதாக இருந்தால், முன்பின் தெரியாத ஒரு பெரிய மனிதருக்கு எழுதுகிற மாதிரி எழுது. மெதுவாகப் படித்துக் காட்டுகிறேன்.

உன் தங்கச்சி


நவம்பர் 16

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். தங்களை நான் சந்தித்ததாகத் தங்களுக்கு நினைவிருக்காது, அதனால் என்னை நானே அறிமுகம் செய்துகொள்கிறேன். நான் தங்கள் மனைவியின் அண்ணன். அகராதி அலுவலகம் ஒன்றில் பிழை திருத்தும் வேலை பார்க்கிறேன்.

தங்கள் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படிப்பது தங்கள் மனைவி. மிகவும் நல்ல பெண். அவளைப் பார்த்துத் தாங்கள் பயப்பட வேண்டாம். அவள் யாரையும் திட்டமாட்டாள், அவளுக்குத் திட்டத் தெரியாது.

அடுத்த வாரம் தங்கள் ஊருக்கு வரலாம் என்றிருக்கிறேன். வந்து தங்கள் அறையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ள அனுமதிக்க வேண்டும். என்னை யார் என்று தாங்கள் கேட்க வேண்டியதில்லை. பிடிக்கவில்லை என்றால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள், நான் தவறாக நினைக்கமாட்டேன். தாங்கள் பேச வேண்டிய அவசியமும் இல்லை. நானும் பேசாமல் இருப்பேன்.

தங்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
தங்கள் மனைவியின் அண்ணன்